கூலியின் முதுகும் திருச்சபையின் மனசாட்சியும்: காரைக்கால் கரையிலிருந்து சி.எஃப். ஆண்ட்ரூஸை வாசித்தல்

நம் பாடநூல்களில் சி.எஃப். ஆண்ட்ரூஸ் ஓரிரு வரிகளுக்கு மேல் வருவதில்லை. காந்தியின் நண்பர், தாகூரின் தோழர், இந்தியாவை நேசித்த ஆங்கிலேயப் பாதிரியார் என்ற அடைமொழிகளோடு அவர் கதை முடிந்துவிடுகிறது. பெரிய மனிதர்களின் நிழலில் நின்ற நல்லவர் என்ற இந்தச் சித்திரம் அவரது வாழ்வின் கூர்மையான பகுதியை மறைத்துவிடுகிறது. ஆப்பிரிக்காவிலும் ஃபிஜியிலும் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட கூலித் தொழிலாளியின் உடலைப் பார்த்த பின், தம் இனத்தையும் தம் பேரரசையும் தம் திருச்சபையையும் அந்த உடலின் முன் நிறுத்தி விசாரித்தவர் அவர். அந்த விசாரணை எதுவரை சென்றது, எங்கே நின்றுபோனது என்பதே நமக்கு முக்கியம். அதைக் காரைக்கால் கரையில் நின்று பார்ப்பது பொருத்தமானது. கூலிகளை ஏற்றி அனுப்பிய கரை அது. தேவாலயத்திற்குள் சாதிச் சுவர் கூடாது என்ற குரலோடு தொடர்புடைய மண்ணும் அதுவே.

கப்பல்கள் புறப்பட்ட கரை

காவிரிப் படுகையின் கடைமடையில் உள்ள காரைக்காலை 1739இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெற்றனர். இடையிடையே ஆங்கிலேயரிடம் கைமாறினாலும் 1954 வரை அது பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. 1834இல் பிரிட்டனும் 1848இல் பிரான்சும் தம் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தன. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்கள் பழைய எசமானர்களின் கரும்புத் தோட்டங்களில் பழைய நிபந்தனைகளின்படி உழைக்க மறுத்தனர். அந்த வெற்றிடத்தை நிரப்ப இந்தியக் கூலிகள் தேவைப்பட்டார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், தோட்டத்தை விட்டு வெளியேறினால் சிறை, வேலைக்கு வராவிட்டால் தண்டம் என்ற விதிகளோடு ஒப்பந்தக் கூலி முறை உருவானது.

புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுத் தீவுகளுக்கு ஆள் அனுப்பும் துறைமுகங்களாயின. பிரிட்டிஷ் இந்தியப் பகுதிகளிலும் ஆள் திரட்டிக்கொள்ள 1861ஆம் ஆண்டு ஒப்பந்தம் பிரெஞ்சு அரசுக்கு வழிவகுத்தது. 1853 முதல் 1880களின் இறுதி வரை மார்த்தினிக் தீவுக்குச் சுமார் 25,000 பேரும் குவாதலூப் தீவுக்குச் சுமார் 42,000 பேரும் கொண்டுசெல்லப்பட்டனர். ரீயூனியன் தீவுக்கு அதற்கு முன்பிருந்தே ஆட்கள் சென்றுகொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் பகுதியில், 1860க்கும் 1911க்கும் இடையே தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்கு மட்டும் சுமார் 1,52,000 பேர் அனுப்பப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்திலிருந்து சென்றவர்கள்.

யார் இவர்கள்? எல்லாச் சாதியினரும் இருந்தார்கள். எனினும் நிலமற்ற தலித்துகளின் பங்கு பெரிது. டெல்டா மாவட்டங்களில் பண்ணையாளாகப் பிறந்தவருக்குச் சொந்த நிலமில்லை. குடியிருந்த மனைக்கும் உரிமையில்லை. பண்ணையை விட்டு வெளியேறவும் சுதந்திரமில்லை. எனவே அவருக்குக் கப்பல் ஒரே நேரத்தில் பொறியாகவும் தப்பும் வழியாகவும் இருந்தது. தேசியத் தலைவர்கள் பின்னாளில் ஒப்பந்தக் கூலி முறையை நாட்டின் மானப் பிரச்சினையாகப் பேசியபோது, இந்த இரண்டாவது உண்மையைப் பேசவில்லை. கடல் கடந்த அடிமைத்தனம் அவமானமாகத் தெரிந்தது. ஊருக்குள் இருந்த அடிமைத்தனம் வழக்கமாகவே தெரிந்தது. ஆண்ட்ரூஸை மதிப்பிடும்போது இந்த வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது.

பேரரசின் பிள்ளை

சார்லஸ் ஃபிரீயர் ஆண்ட்ரூஸ் 1871 பிப்ரவரி 12 அன்று இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தார். தந்தை ஒரு சிறிய கிறித்தவச் சபையின் ஊழியர். பிரிட்டிஷ் பேரரசு கடவுளின் திட்டம் என்று நம்பியவர். நம்பிய நண்பர் ஒருவர் ஏமாற்றியதால் குடும்பம் தன் சேமிப்பை இழந்தது. கேம்பிரிட்ஜில் படித்த ஆண்ட்ரூஸ், கப்பல் கட்டும் தொழிலாளர் வாழ்ந்த வடகிழக்கு இங்கிலாந்திலும் பின்னர் தென் இலண்டனின் வறிய பகுதியான வால்வொர்த்திலும் பணியாற்றினார். நற்செய்தி என்பது கூலி, வாடகை, பசி ஆகியவற்றோடு தொடர்பற்றது அன்று என்ற எண்ணம் அங்கேதான் அவருக்குள் வேர்விட்டது. பின்னாளில் இந்தியாவில் அவர் இரயில்வே, ஆலை, தோட்டத் தொழிலாளர்களின் பக்கம் நின்றதற்கு அடித்தளம் இதுவே.

1904இல் அவர் டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். இரண்டே ஆண்டுகளில் முதல் சோதனை வந்தது. கல்லூரியின் முதல்வர் பதவி காலியானபோது, வெள்ளையர் ஒருவரையே அமர்த்த வேண்டும் என்ற எண்ணம் சிலரிடம் இருந்தது. அங்கே நீண்ட காலம் பணியாற்றிய சுசீல் குமார் ருத்ராவைவிட வயதிலும் அனுபவத்திலும் இளையவரான தமக்கு அப்பதவி வருவதை ஆண்ட்ரூஸ் ஏற்க மறுத்தார். 1906இல் ருத்ரா அக்கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார். ஒரே விசுவாசத்தை அறிக்கையிடும் இருவரில் ஒருவரைத் தோலின் நிறத்தால் மேலே வைப்பது அந்த விசுவாசத்தையே மறுப்பதாகும் என்று அவர் கருதினார். இந்தியக் கிறித்தவரை வெள்ளைப் பாதிரியார் நடத்தும் விதத்திற்கும், கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்டவரை மேல்சாதியினர் நடத்தும் விதத்திற்கும் உறவிருப்பதை அவர் உணரத் தொடங்கிய காலம் இது.

டர்பனில் நடந்தது

1913இல் தென்னாப்பிரிக்காவில் இந்தியத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் ஆண்டுதோறும் கட்ட வேண்டியிருந்த மூன்று பவுன் வரியை எதிர்த்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். கரும்புத் தோட்டங்களுக்கும் அது பரவியது. அடியும் துப்பாக்கிச் சூடும் சிறையும் அவர்களுக்குப் பதிலாகக் கிடைத்தன. தமிழ்ப் பெண்கள் அப்போராட்டத்தின் முன்வரிசையில் நின்றார்கள். காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடி அருகிலுள்ள தில்லையாடியின் பெயரோடு இணைத்து நாம் நினைவுகூரும் வள்ளியம்மை, சிறையில் நோயுற்று 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் உயிர்நீத்தார். ஆண்ட்ரூஸ் அங்கே சென்று இறங்குவதற்கு முன்பே வரலாற்றை இந்த மக்கள் எழுதிவிட்டிருந்தார்கள். மீட்பர் வந்ததால் கூலிகள் விழித்தார்கள் என்று கதை சொல்வது தவறு. கூலிகள் விழித்திருந்ததால்தான் மனசாட்சியுள்ள ஒரு பாதிரியார் அங்கே போக நேர்ந்தது.

கோகலேயின் வேண்டுகோளின்படி ஆண்ட்ரூஸும் அவர் நண்பர் வில்லியம் பியர்சனும் 1914 ஜனவரியின் தொடக்கத்தில் டர்பன் துறைமுகத்தை அடைந்தனர். கரையில் எளிய உடையில் நின்ற காந்தியை அடையாளம் கண்டதும் ஆண்ட்ரூஸ் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். வெள்ளையர் சமூகம் கொதித்தது. நிறத்தின் மேல் கட்டப்பட்ட ஒரு சமூகத்தில் அந்த ஒரு செய்கை சட்ட மீறலுக்கு ஒப்பானதாகப் பார்க்கப்பட்டது.

அதைவிட ஆழமான அடி தேவாலய வாசலில் விழுந்தது. ஆண்ட்ரூஸ் மறையுரை ஆற்றிய ஒரு தேவாலயத்தில், அதைக் கேட்க வந்த காந்தி வெள்ளையர் அல்லர் என்பதால் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. செய்தி ஆண்ட்ரூஸுக்குப் பின்னரே தெரியவந்தது. பலிபீடத்தில் நின்று அன்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் வாசலில் நிறம் காவல் காத்தது என்ற உண்மை அவரை வாழ்நாள் முழுதும் விட்டு விலகவில்லை. அந்த ஆண்டிலேயே, சில கோட்பாட்டு அறிக்கைகளைத் தம்மால் மனமொப்பி ஓத முடியாது என்று கூறி, ஆங்கிலிக்கன் குருத்துவப் பணியிலிருந்து அவர் விலகினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தே அப்பணிக்குத் திரும்பினார்.

நட்டாலில் கண்ட இன்னொரு காட்சியும் அவருள் தங்கியது. தோட்டத்திலிருந்து தப்பி ஓடிவந்த ஒரு கூலி, சாட்டை பதிந்த முதுகோடு அடைக்கலம் தேடி நின்றார். 1915இல் காலராவால் படுத்துத் தேறிவந்த நாள்களில் அந்தக் கூலியின் முகம் ஆண்ட்ரூஸின் நினைவில் எழுந்தது. அது மெல்லக் கிறிஸ்துவின் முகமாக மாறியதாக அவர் உணர்ந்தார். உடல் தேறியதும் ஃபிஜிக்குக் கப்பல் ஏறினார். இதை ஆன்மிகக் காட்சி என்று மட்டும் படிக்க வேண்டியதில்லை. சிலுவையில் தொங்கியவர் பேரரசு ஒன்றால் தண்டிக்கப்பட்ட ஏழை என்பதை நினைவில் வைத்திருக்கும் எவருக்கும் அந்தக் கூலியின் முதுகு இறையியலின் தொடக்கப் புள்ளியாகும். தலித் இறையியல் எனும் துறை நம் நாட்டில் உருவாவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது.

ஃபிஜி: அறிக்கையும் அதன் மௌனமும்

1879க்கும் 1916க்கும் இடையே சுமார் 61,000 இந்தியர் ஃபிஜிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சென்னை வழியாக மட்டும் சுமார் 15,000 பேர். 1915இன் இறுதி மாதங்களில் ஆண்ட்ரூஸும் பியர்சனும் தோட்டந்தோறும் சென்று கூலிக் குடியிருப்புகளைப் பார்த்தனர். ஆள்பிடிக்கும் தரகர்களின் ஏமாற்று, குற்றவியல் தண்டனையோடு பிணைந்த வேலை ஒப்பந்தம், கங்காணிகளின் வன்முறை, அஞ்சத்தக்க தற்கொலைகள், நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதத்தில் ஆளேற்றிய முறையால் விளைந்த கொடுமைகள் ஆகியவற்றை அவர்களின் அறிக்கை வெளிப்படுத்தியது. 1916 மார்ச்சில் பேரரசின் சட்டமன்றத்தில் மதன் மோகன் மாளவியா கொண்டுவந்த ஒழிப்புத் தீர்மானத்தை அரசு ஏற்றது. 1917இல் ஆள் அனுப்புவது நின்றது. ஆண்ட்ரூஸ் மீண்டும் ஃபிஜி சென்று அழுத்தம் கொடுத்தார். 1920 ஜனவரி 1 அன்று ஃபிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் அனைத்தும் ரத்தாயின. ஏழைகளின் நண்பன் என்று பொருள்படும் தீனபந்து என்ற பெயர் அவருக்கு நிலைத்தது இந்தப் பணியால்தான்.

இது பெருஞ்சாதனை. ஆனால் அந்த இயக்கம் பேசிய மொழியை நாம் உற்றுப் பார்க்க வேண்டும். 1913இல் ஃபிஜித் தோட்டம் ஒன்றில் கண்காணிப்பாளரின் பாலியல் தாக்குதலிலிருந்து தப்ப ஆற்றில் குதித்த குந்தி என்ற பெண்ணின் குரல் இந்தியச் செய்தித்தாளில் வெளிவந்து நாட்டையே உலுக்கியது. குந்தி சமார் சாதியைச் சேர்ந்தவர். ஃபிஜி சென்ற வட இந்தியருள் எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற சாதியும் அதுவே. நாடெங்கும் நடந்த கூட்டங்களில் குந்தி இந்தியப் பெண்மையின் சின்னமானார். அவருடைய சாதி பேச்சிலிருந்து மறைந்தது. சொந்த ஊரில் அவர் கிணற்றில் நீர் எடுக்க முடியுமா என்ற கேள்வியை மேடையில் யாரும் எழுப்பவில்லை. ஆண்ட்ரூஸின் எழுத்தும் இந்தக் குறையிலிருந்து முற்றிலும் தப்பவில்லை. தோட்டத்துப் பெண்களின் துயரத்தை ஒழுக்கச் சிதைவு என்ற சட்டகத்தில் அது அதிகமாகப் பேசியது. உழைப்பாளிகள் என்ற முறையில் அப்பெண்களின் எதிர்ப்பைக் குறைவாகவே பேசியது.

ஆப்பிரிக்கரின் பக்கம்

ஆண்ட்ரூஸின் நேர்மை மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட இடம் கிழக்கு ஆப்பிரிக்கா. முதல் உலகப் போருக்குப் பின் கென்யாவில் வெள்ளைக் குடியேறிகள் வளமான மேட்டு நிலங்களைத் தமக்கே ஒதுக்கிக்கொண்டு, இந்தியர் நிலம் வாங்குவதையும் சமமாக வாக்களிப்பதையும் எதிர்த்தனர். இந்தியர் தரப்பின் நியாயத்தை விசாரிக்கச் சென்ற ஆண்ட்ரூஸை இரயில் பயணத்தின்போது வெள்ளையர் சிலர் தாக்கி வண்டியிலிருந்து இழுத்துத் தள்ள முயன்றனர். தம் இனத்தைக் காட்டிக்கொடுத்தவர் என்பது அவர்களின் குற்றச்சாட்டு.

அவர் அதோடு நின்றிருந்தால் இந்திய வணிகர்களின் வழக்குரைஞராக மட்டும் அறியப்பட்டிருப்பார். போரில் செய்த உதவிக்குப் பரிசாக, ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய கிழக்கு ஆப்பிரிக்காவை இந்தியக் குடியேற்றத்திற்கு விட வேண்டும் என்ற யோசனை அப்போது சிலரால் முன்வைக்கப்பட்டது. ஆண்ட்ரூஸ் அதை எதிர்த்தார். அந்த மண் ஆப்பிரிக்கருடையது. வெள்ளையரிடமிருந்து உரிமை கேட்கும் இந்தியர் கறுப்பின மக்களின் தலைமேல் ஏறி நின்று அதைக் கேட்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. ஆப்பிரிக்கரின் நலனே முதன்மையானது என்று 1923இல் பிரிட்டிஷ் அரசு அதிகாரபூர்வமாக அறிவித்தது. அறிவித்த பின்னும் மேட்டு நிலங்களை வெள்ளையரிடமே விட்டுவைத்தது.

இன்றைய மாணவர்களுக்கு இப்பகுதி மிக முக்கியமானது. ஒடுக்கப்பட்டவர் இன்னொருவரை ஒடுக்குபவராக மாறும் படிநிலை நமக்குப் புதிதன்று. அம்பேத்கர் சாதியை ஏறுவரிசை மதிப்பும் இறங்குவரிசை இழிவும் கொண்ட படிநிலைச் சமமின்மை என்று விளக்கினார். காலனிய ஆப்பிரிக்காவில் வெள்ளையர், இந்தியர், ஆப்பிரிக்கர் என்று அதே படிக்கட்டு நிறத்தால் கட்டப்பட்டிருந்தது. நடுப்படியில் நின்ற இந்தியரிடம் கீழ்ப்படியைப் பார்க்கச் சொன்ன மிகச் சிலருள் ஆண்ட்ரூஸ் ஒருவர். சாதியை மூட்டைகட்டிக் கொண்டுசென்ற இந்தியர் ஆப்பிரிக்கரையும் தீண்டத்தகாதவராக நடத்தியதை இன்றும் இந்திய நகரங்களில் ஆப்பிரிக்க மாணவர்கள் மீது நடக்கும் தாக்குதல்களோடு சேர்த்தே நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நின்றுபோன இடம்

1922இல் தாகூரோடு சிவகிரிக்குச் சென்று நாராயண குருவைச் சந்தித்த ஆண்ட்ரூஸ், அந்தச் சந்திப்பால் ஆழமாகப் பாதிக்கப்பட்டார். தீண்டாமை ஒழிப்பில் அவருக்கு உண்மையான அக்கறை இருந்தது; காங்கிரஸ் அதற்கு முதலிடம் தரவில்லையே என்ற கவலையைக் காந்தியிடம் அவர் தெரிவித்தும் இருக்கிறார். ஆனால் 1932இல் தாழ்த்தப்பட்டோருக்குத் தனித் தொகுதி என்ற உரிமைக்கு எதிராகக் காந்தி உண்ணாநோன்பு இருந்தபோது, இலண்டனில் இருந்த ஆண்ட்ரூஸ், புனா ஒப்பந்தத்தைப் பிரிட்டிஷ் அரசு விரைந்து ஏற்பதற்காக ஓடியாடி உழைத்தவர்களுள் ஒருவராக இருந்தார். நண்பரின் உயிர் அவருக்குப் பெரிதாக இருந்தது. அதை நாம் புரிந்துகொள்ள முடியும். அதே நேரத்தில், கோடிக்கணக்கான மக்களின் தனித்த அரசியல் குரல் அந்த உயிருக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது. கூலியின் முகத்தில் கிறிஸ்துவைக் கண்டவர், அம்பேத்கரின் கோரிக்கையில் அதே கூலியின் குரலைக் கேட்கத் தவறினார். துயருறும் தலித்தை அவரால் நேசிக்க முடிந்தது. தனக்கான பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுக்கக் கோரிய தலித்தோடு அவரால் நிற்க முடியவில்லை. தாராளவாத நல்லெண்ணத்தின் எல்லை இதுதான். அந்த எல்லை அவரோடு முடிந்துவிடவும் இல்லை.

ஆனால் மதமாற்றம் பற்றி 1936இல் காந்தியோடு நடந்த உரையாடலில் அவர் வளைந்துகொடுக்கவில்லை. எண்ணிக்கைக்காக ஆள் சேர்க்கும் சபைப் பணியை அவர் விரும்பியதில்லை. எனினும் ஒருவர் ஆழ்ந்து சிந்தித்துத் தமக்குரிய சமயத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை என்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் யேவலாவில் அறிவித்து ஓராண்டே ஆகியிருந்த வேளையில் நடந்த உரையாடல் இது. ஆண்ட்ரூஸ் 1940 ஏப்ரல் 5 அன்று கல்கத்தாவில் காலமானார். சொத்து எதுவும் அவர் சேர்த்து வைக்கவில்லை.

சுவர் இருந்த தேவாலயம்

ஆண்ட்ரூஸ் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே தேவாலயத்துக்குள் இருந்த பிரிவினை பிரெஞ்சிந்தியாவில் கேள்விக்கு உள்ளானது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1745ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்துள்ளது. புதுச்சேரி தேவாலயத்தினுள் தலித் கிறித்தவர்களையும் பிறரையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. காரைக்கால் குருவின் ஊக்கத்தோடு தலித் கிறித்தவர்கள் தலைமைக் குருவிடம் சென்று, கிறிஸ்துவின் முன் அனைவரும் சமம் என்றால் இச்சுவர் எதற்கு என்று கேட்டனர். சுவர் அகற்றப்பட்டது. சாதிக் கிறித்தவர்களின் எதிர்ப்பு உடனே கிளம்பியது. பிரிவினை வேறு வடிவங்களில் தொடர்ந்தது. டர்பனில் ஆண்ட்ரூஸைத் திடுக்கிட வைத்த அந்த வாசற்காவல், நம் ஊர்களில் சாதியின் பெயரால் ஏற்கெனவே நின்றிருந்தது. அதை முதலில் எதிர்த்துக் கேட்டவர்கள் வெளிநாட்டு நண்பர்கள் அல்லர். பெயர் பதிவாகாத தலித் கிறித்தவர்கள்.

காரைக்கால் இன்றும் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தில் அடங்கியுள்ளது. அதே மறைமாவட்டத்தின் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கோரிப் போராடியபோது 2008இல் மோதல் வெடித்து, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். தனிக் கல்லறை, தனித் தேர்ப்பாதை என்ற பிரிவினை பல ஊர்களில் இன்னும் நீடிக்கிறது. அரசும் தன் பங்கிற்கு ஒரு சுவரைக் கட்டியிருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என வரையறுத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிவாக்கப்பட்டது. புதுச்சேரிக்கென 1964இல் வந்த ஆணையும் இதே வரம்பைக் கொண்டது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மத வரம்பை நீக்கப் பரிந்துரைத்தது; பரிந்துரை ஏட்டிலேயே கிடக்கிறது. சேரியில் வாழும் ஒருவருக்கு ஊர் தரும் இழிவு ஞானஸ்நானத்தால் மாறுவதில்லை; அரசு தரும் பாதுகாப்பு மட்டும் மாறிவிடுகிறது.

இந்தச் சூழலில் ஆண்ட்ரூஸிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவரது கருணையை அன்று. கருணைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. அதனால் எந்தச் சுவரும் விழுந்ததும் இல்லை. தம் சொந்த வீட்டை, தம் நிறத்தை, தம் சபையை முதலில் குற்றக்கூண்டில் நிறுத்திய ஒழுங்கே அவர் விட்டுச் சென்ற பாடம். ஆதிக்க சாதியில் பிறந்த கிறித்தவர்கள் தம் கல்லறைத் தோட்டத்திலிருந்து அதைத் தொடங்கலாம். மறைமாவட்டங்கள் தம் கல்லூரிகளின் நியமனப் பட்டியலிலிருந்து தொடங்கலாம். தலித் மாணவர்களாகிய நாம், அவரை வணங்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். அவர் சென்ற தூரத்தை ஏற்று, அவர் 1932இல் நின்றுபோன இடத்திலிருந்து மேலே நடக்க வேண்டும். நண்பர்கள் வந்தால் உடன் வரட்டும். வழியைத் தீர்மானிக்கும் உரிமை, 1745இல் அந்தச் சுவரின் முன் நின்று கேள்வி கேட்டவர்களின் வாரிசுகளுக்கே உரியது.